இரண்டு லிட்டர் வி-ட்வின்: சிசி ஏற்றுவது சுலபம், ஓட வைப்பதுதான் வேலை

ஸ்ப்ளெண்டர் இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர். உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம், அதாவது ஓட்டம், 49.5 மில்லிமீட்டர். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் 97.2 சிசி வரும். அமெரிக்காவின் எஸ் அண்ட் எஸ் கம்பெனி 124 என்ற பெயரில் ஒரு வி-ட்வின் இன்ஜின், அதாவது இரண்டு சிலிண்டர் வி வடிவில் நிற்கும் இன்ஜின், செய்கிறது. அதில் விட்டம் ஏறக்குறைய 104.8, ஓட்டம் 117.5, சிலிண்டர் இரண்டு. மொத்தம் 2030 சிசி சுமாருக்கு வருகிறது. ஆல்டோ 800 காரின் இன்ஜினே 796 சிசிதான் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய உருப்படி என்று புரியும்.

124 என்பது கன அங்குலக் கணக்கு. ஒரு கன அங்குலம் என்பது 16.4 சிசி. அமெரிக்காவில் இப்படிப் பெரிய இன்ஜின் கட்டும் தொழில் முழுக்க அங்குலத்தில்தான் நடக்கிறது. அங்கே இது புதிதும் இல்லை. எஸ் அண்ட் எஸ் 1958-இல் ஆரம்பித்தது. ஹார்லி டேவிட்சன் வண்டி வாங்கி, கம்பெனி கொடுத்த இன்ஜினை இன்னும் பெரிதாக்கி, தினசரி ரோட்டில் ஓட்டுவது அங்கே இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் பழக்கம். பந்தயத்துக்குக் கட்டுவது தனி உலகம். அதை இங்கே விட்டுவிடலாம். கால் மைல் ஓடிவிட்டுப் பிரித்துப் பார்க்கப்போகும் இன்ஜினுக்கும், காலையில் வில்லியனூரிலிருந்து புதுச்சேரி டவுனுக்கு வந்து சாயங்காலம் திரும்ப வேண்டிய இன்ஜினுக்கும் கட்டும் முறையே வேறு.

புதுச்சேரியில் ஹார்லி அபூர்வம். இசிஆரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணில் படும், அவ்வளவுதான். ஆனால் புல்லட்டுக்குப் பஞ்சமே இல்லை. வாடகைக்கு எடுத்து ஆரோவில் போகிறவர்கள் வரை புல்லட்தான். அதனால் இங்கே இந்தப் பேச்சு எடுத்தால் கொஞ்ச நேரத்தில் "ரெண்டு புல்லட் சிலிண்டரைச் சேர்த்து ஒரு வி-ட்வின் பண்ண முடியாதா?" என்ற இடத்துக்கு வந்து நிற்கும். முடியும், செய்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இருந்த அனிகேத் வர்தன் என்பவர் புல்லட்டின் சிலிண்டர்களையும் அவற்றின் மேல்மூடியான ஹெட்களையும் வைத்து மஸ்கெட் என்ற வி-ட்வினைச் செய்தார். ஆஸ்திரேலியாவின் பால் கார்பெரி 500 சிசி புல்லட்டின் மேல்பாகங்களைக் கொண்டு 1000 சிசி வி-ட்வின் செய்து, பிறகு சத்தீஸ்கரின் பிலாயில் அதைத் தயாரிக்கவும் முனைந்தார். கணக்கு நேர்தான்: பழைய 350 புல்லட்டின் விட்டம் 70, ஓட்டம் 90, அதாவது 346 சிசி, இரண்டு சேர்ந்தால் 692. பழைய 500-இல் விட்டம் 84, ஓட்டம் அதே 90. இரண்டு சேர்ந்தால் 998. ஆனால் அவர்கள் இருவரும் உழைத்த உழைப்பெல்லாம் கீழ்ப்பாகத்தில். கிராங்க்கேஸ் என்ற கீழ்க்கூடு, பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க், வால்வுகளைத் திறந்து மூடும் கேம், ஆயில் போகும் வழி, எல்லாமே புதிதாக வரைந்து வார்க்க வேண்டியிருந்தது. மேலே தெரியும் சிலிண்டர் கடையில் கிடைக்கும். கீழே இருப்பது கிடைக்காது.

சரி, வி-ட்வின் என்றால் என்ன? இரண்டு சிலிண்டர்கள் வி வடிவில் சாய்ந்து நிற்கும். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு இரண்டும் கீழே ஒரே கிராங்க் பின்னில் போய் மாட்டும். ஹார்லியில் இரண்டுக்கும் நடுவே 45 டிகிரி. ஒரு ராடின் கீழ்முனை கவை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும், மற்றது அதன் நடுவில் நுழையும். அதனால் இரண்டு சிலிண்டரும் ஒன்றின்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் நிற்கும். இன்ஜின் ஒல்லியாக இருக்கும், வண்டியின் ஃப்ரேமுக்குள் அடங்கும். ஒரே பின்னில் இரண்டு ராடும் இருப்பதால் இரண்டு வெடிப்புக்கும் நடுவே சம இடைவெளி கிடையாது. ஒரு வெடிப்பிலிருந்து அடுத்ததற்கு கிராங்க் 315 டிகிரி சுற்றும், அதிலிருந்து அடுத்ததற்கு 405 டிகிரி. அந்த நொண்டி நடைதான் ஹார்லியின் சத்தம். 1994-இல் ஹார்லி கம்பெனி அந்தச் சத்தத்துக்கே டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்தது. போட்டிக் கம்பெனிகள் ஆட்சேபிக்க, 2000-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சிசி எங்கிருந்து வருகிறது

இரண்டே வழி. சிலிண்டரை அகலப்படுத்தலாம், அல்லது பிஸ்டன் ஓட்டத்தை நீட்டலாம். நம் மெக்கானிக்குகள் வாயில் போர், ஸ்ட்ரோக்.

போர் ஏற்றுவது எளிய வழி. 1999-இல் வந்த ஹார்லியின் ட்வின் கேம் 88 இன்ஜினில் விட்டம் 95.25, ஓட்டம் 101.6, மொத்தம் 1450 சிசி. அதே கிராங்க்கை வைத்துக்கொண்டு சிலிண்டரை மட்டும் 98.4-க்குப் போர் போட்டால் 1550 சிசி. வெறும் மூன்று மில்லிமீட்டர்தான் கூடியது, ஆனால் நூறு சிசி ஏறிவிட்டது. விட்டத்தை வர்க்கப்படுத்திக் கணக்கிடுவதால் வரும் லாபம் இது. அதற்கு மேல் போனால் சிலிண்டர் சுவர் மெலிந்துவிடும். மெலிந்த சுவர் சூட்டில் வட்டமாக நிற்காது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சரியாக ஒட்டாது, ஆயில் மேலே ஏறிப் புகையும். எனவே பெரிய சிலிண்டராகவே வாங்கி, அது உட்காரும் கிராங்க்கேஸ் வாயையும் கடைந்து அகலப்படுத்துவார்கள். இன்ஜினை முழுதாகப் பிரிக்காமல் அது நடக்காது.

ஓட்டத்தை நீட்ட வேண்டுமானால் கிராங்க்கையே மாற்ற வேண்டும். இங்கே வி-ட்வினுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. இரண்டு சிலிண்டரும் 45 டிகிரியில் நெருங்கி நிற்பதால் பிஸ்டன்கள் கீழே வரும்போது பாவாடை எனப்படும் அவற்றின் கீழ்ச்சுவர்கள் ஒன்றையொன்று நோக்கி வருகின்றன. ஓட்டத்தை நீட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரண்டும் முட்டும். முட்டாமல் இருக்க பாவாடையைக் குட்டையாக்க வேண்டும். பாவாடை குட்டையானால் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடும்; ஆடினால் ரிங் சீக்கிரம் தேயும். தெருவில் ஓட்டுகிறவர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று பிஸ்டன் வேகம். ஸ்ப்ளெண்டர் 8000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 8000 சுற்றில், ஓடும்போதுகூட அதன் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 13 மீட்டர்தான். மேலே சொன்ன 124 இன்ஜின் 5500-லேயே 21.5 மீட்டரைத் தொட்டுவிடும். ஒவ்வொரு முறையும் அந்தக் கனமான பிஸ்டன் நின்று, திரும்பி, மறுபடி அந்த வேகத்தைப் பிடிக்க வேண்டும். பெரிய வி-ட்வினை முறுக்கி ஓட்டக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். முறுக்கத் தேவையும் இல்லை. இப்போதைய 350 புல்லட் 4000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் பலம், தருகிறது. ஹார்லியின் 1745 சிசி மில்வாக்கி எய்ட் இன்ஜின் அதைவிடக் குறைந்த சுற்றில் 150-ஐ ஒட்டித் தருகிறது. டாப் கியரில் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகினால் போதும். அதற்காகத்தான் இவ்வளவு பெரிய இன்ஜின்.

கம்ப்ரஷன், பெட்ரோல், முள்ளோடை பங்கு

புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. சிசி ஏறினால் கம்ப்ரஷனும், அதாவது பெட்ரோல் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற கணக்கும், தானாக ஏறும். ட்வின் கேம் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 724 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் ஹெட்டில் மிஞ்சும் இடம் 90.5 சிசி என்று வைத்துக்கொண்டால் கம்ப்ரஷன் 9-க்கு 1. ஹெட்டைத் தொடாமல் போரை மட்டும் ஏற்றினால் சிலிண்டர் 773 சிசி ஆகிறது, மிஞ்சும் இடம் அதேதான். இப்போது கணக்கு ஒன்பதரைக்கு 1. யாரும் கேட்காமலேயே அரைப்புள்ளி ஏறிவிட்டது. ஹெட்டையும் கொஞ்சம் சீவிவிட்டால் பத்தைத் தாண்டும்.

தாண்டினால் என்ன? பிளக் தீப்பொறி விடுவதற்கு முன்பே, அல்லது விட்ட பிறகு ஒரு மூலையில், பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். மேட்டில் ஏறும்போது உள்ளேயிருந்து டக்கு டக்கென்று ஆணி உதறுவது போலக் கேட்கும். கேட்டுக்கொண்டே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

எவ்வளவு கம்ப்ரஷன் தாங்கும் என்பது பெட்ரோலின் ஆக்டேன் எண்ணைப் பொறுத்தது. இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. அமெரிக்கக் கையேடுகளில் "இந்தக் கம்ப்ரஷனுக்கு 91 ஆக்டேன் போதும்" என்று இருக்கும். நம் நாட்டில் 2020-இல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோது சாதா பெட்ரோலுக்கு வைத்த குறைந்தபட்ச எண்ணும் 91. இரண்டும் ஒன்று என்று நினைத்தால் இன்ஜின் போச்சு. அமெரிக்க பெட்ரோல் பங்கில் எழுதியிருப்பது ரிசர்ச், மோட்டார் என்ற இரண்டு சோதனை எண்களின் சராசரி. நாம் சொல்வது ரிசர்ச் எண் மட்டும். அவர்களுடைய 91 நம் கணக்கில் 95, 96-ஐ ஒட்டி வரும். ஆகவே அமெரிக்க அளவில் கட்டிய இன்ஜினுக்கு இங்கே 95 ஆக்டேன் என்று எழுதி விற்கும் பிரீமியம் பெட்ரோலைப் போடுவதுதான் முறை. கடலூர்க்காரர்கள் விலை குறைவு என்று எல்லை தாண்டி புதுச்சேரியின் முள்ளோடை பங்குகளுக்கு வந்து டேங்கை நிரப்பிக்கொள்வது ஊரறிந்தது. பெரிய வி-ட்வின் வைத்திருப்பவர் அங்கேயும் பிரீமியம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

எத்தனாலையும் மறக்கக்கூடாது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் நாக்கிங் குறையும், அது நல்லதுதான். ஆனால் அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். கார்புரேட்டர் வைத்த இன்ஜினில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாக்காவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கடற்கரை ஊரில் மாதக்கணக்கில் டேங்க் பாதியாக நிறுத்தி வைத்த வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றினால் வெள்ளையாகப் பூத்திருக்கும்.

கேம் பற்றிச் சுருக்கமாக. வால்வு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதை கேம்தான் தீர்மானிக்கிறது. இன்டேக் வால்வு தாமதமாக மூடினால் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருக்கும்; வேகத்தில் அது பலம், சிக்னலிலிருந்து கிளம்பும்போது பலவீனம். தெருவுக்கு சீக்கிரம் மூடும் கேமே சரி, ஆனால் அது கீழ்ச்சுற்றில் அழுத்தத்தை ஏற்றிவிடும். அதனால் கம்ப்ரஷனையும் கேமையும் சேர்த்தே தேர்வு செய்ய வேண்டும். ஹெட்டில் காற்று போகும் வழியைக் குடைந்து பெரிதாக்குவதிலும் இதே எச்சரிக்கைதான். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பாய்கிறதே, அந்த வேகம் காற்றுக்கும் வேண்டும். அகலமாகக் குடைந்துவிட்டால் 2500 ஆர்பிஎம்மில் காற்று சோம்பிப் போகும். நம் சாலைகளில் ஓட்டுவது பெரும்பாலும் அந்தச் சுற்றில்தான்.

கிராங்க்

இன்ஜின் நன்றாக வருமா வராதா என்பது இங்கேதான் முடிவாகிறது என்பது என் எண்ணம். ஹார்லி வகை கிராங்க் ஒரே துண்டாக வார்த்தது கிடையாது. ஃப்ளைவீல் எனும் கனத்த சக்கரம் இரண்டு, நடுவே ஒரு பின், சேர்த்து இறுக்கியது. புல்லட்டிலும் இதே ஜாதிதான், ஆகவே இங்குள்ள பழைய புல்லட் மெக்கானிக்குகளுக்கு இது அந்நியமான வேலை ஆகாது. சேர்த்த பிறகு இரண்டு ஃப்ளைவீலும் ஒரே அச்சில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிராங்க்கை இரண்டு முனையிலும் தாங்க வைத்து, தண்டின் மேல் டயல் கேஜை நிறுத்தி, கையால் மெல்லச் சுற்றுவார்கள். முள் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு கோணல். அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, அதாவது 0.075 மில்லிமீட்டர், ஆடினாலே கியரில் சுழலும் கேம் வைக்கக்கூடாது என்பார்கள். நல்ல கைக்காரர் ஆயிரத்தில் ஒன்றுக்குள் கொண்டுவந்துவிடுவார். அதற்கு அவர் பயன்படுத்துவது கனமான ஒரு பித்தளைச் சுத்தியல்தான். எந்த இடத்தில், எவ்வளவு ஓங்கித் தட்டுவது என்பது புத்தகத்தில் இல்லாத வித்தை.

தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கும் கடலூர் முதுநகருக்கும் வரும் விசைப்படகுகளின் டீசல் இன்ஜின் வேலை பார்க்கும் லேத்துப் பட்டறைகள் உண்டு. அளவு விஷயத்தில் அவர்கள் கறாரானவர்கள். ஆனால் டீசல் சிலிண்டரில் பழகிய கைக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: பெரிய வி-ட்வின் சிலிண்டரைப் போர் போடும்போது, அதன் மேல் ஒரு தடித்த இரும்புத் தகட்டை ஹெட் இருப்பது போலவே போல்ட் போட்டு இறுக்கி வைத்துத்தான் கடைய வேண்டும். போல்ட் இறுகும்போது சிலிண்டர் சற்று நெளியும். நெளிந்த நிலையில் வட்டமாகக் கடைந்தால்தான் இன்ஜினில் ஏறிய பிறகும் வட்டமாக இருக்கும்.

பிறகு எடைச் சமன். 45 டிகிரி வி-ட்வினை அதிர்வே இல்லாமல் கட்ட முடியாது. 90 டிகிரியில் நிற்கும் டுகாட்டிக்குத்தான் அந்தக் கொடுப்பினை. பிஸ்டன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு ஈடாக ஃப்ளைவீலில் எதிர்ப்பாரம் வைப்பது வழக்கம். புது பிஸ்டன் பழையதைவிடக் கனமாக இருந்து, இந்தக் கணக்கைத் திரும்பப் போடாமல் விட்டால் 90 கிலோமீட்டர் வேகத்தில் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாது.

சூடு

அரியாங்குப்பம் பாலத்தருகே சாயங்கால நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் இந்த இன்ஜின்கள் என்ன ஆகும் என்று கட்டுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். காற்றில் குளிரும் இன்ஜினுக்கு வண்டி நகர்ந்தால்தான் காற்று. நின்றால் இல்லை. முன் சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் பின் சிலிண்டருக்கு ஓடும்போதே காற்று குறைவு. ஹார்லியே தன் பெரிய டூரிங் வண்டிகளில், சூடு ஏறிய நிலையில் சிக்னலில் நிற்கும்போது பின் சிலிண்டரில் எரிவதை நிறுத்திவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

ஆகவே இங்கே ஓட்டுவதற்கு ஆயில் கூலர் அவசியம். அலங்காரம் என்று தள்ளக்கூடாது. 20டபிள்யூ-50 ஆயில், பின் சிலிண்டருக்குப் பெட்ரோல் சற்றுக் கூடிய கலவை, கம்ப்ரஷனில் பேராசை இல்லாமை, இவ்வளவும் சேர்ந்தால் மே மாதத்தைத் தாண்டலாம். பிஸ்டன் தேர்விலும் சூடு புகுந்துவிடும். ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய, பிஸ்டனில் சிலிக்கான் அதிகமுள்ள 4032 என்ற அலுமினியக் கலவை சூட்டில் குறைவாக விரிவதால் சிலிண்டருக்குள் இடைவெளி குறைவாக வைக்கலாம், சத்தமும் குறையும். பந்தயக்காரர்கள் விரும்பும் 2618 என்ற கலவை அடி தாங்கும், ஆனால் நிறைய விரியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் போடும். தெருவுக்கு 4032 போதும்.

பூட்டும்போது

பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட்டின் தட்டையான விளிம்புக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் நாக்கிங், குறைந்தால் முட்டும். அளப்பதற்கு சால்டரிங் ஈயக் கம்பியைச் சிறு துண்டுகளாக வெட்டி, கிரீஸ் தொட்டு பிஸ்டன் விளிம்பில் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கிராங்க்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். கழற்றி, நசுங்கிய ஈயத்தை மைக்ரோமீட்டரில் வைத்தால் இடைவெளி தெரிந்துவிடும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே பார்க்க, பிள்ளைகள் உருட்டி விளையாடும் க்ளேயைப் பிஸ்டன் மேல் அப்பி இதே மாதிரி, ஆனால் இரண்டு சுற்றுச் சுற்றி, பதிந்த இடத்தை பிளேடால் அறுத்து, மெலிந்த இடத்தை அளக்கலாம். இன்டேக் பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டுக்குக் குறையக்கூடாது. லட்சக்கணக்கில் செலவான இன்ஜினைக் காப்பாற்றுவது இப்படிப் பத்து ரூபாய் ஈயமும் க்ளேயும்தான்.

ஸ்டார்ட்டர் மோட்டாரும் பேட்டரியும் பழையதாகவே இருந்தால் இவ்வளவு பெரிய சிலிண்டரைச் சுற்றத் திணறும். அதனால் பெரிய இன்ஜின்களின் ஹெட்டில் ஒரு சிறு வால்வு வைப்பார்கள். அழுத்திவிட்டு பட்டனைத் தொட்டால் கம்ப்ரஷன் கொஞ்சம் கசிந்து, மோட்டாருக்கு வேலை லேசாகும். கிளட்ச், செயின், கியர்பாக்ஸ் எல்லாமே கூடுதல் டார்க்குக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆர்சியில் 1450 சிசி என்று இருக்க, உள்ளே 1550 ஓடினால் வண்டி பிஒய் நம்பரானாலும் டிஎன் 31 ஆனாலும் தப்புதான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பதும் அதைத்தான். ஆர்டிஓவிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் சிலிண்டருக்கு ஆர்டர் போட வேண்டாம். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டும் ஆசையும் வேண்டாம். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்குச் சோதனையில் அனுமதித்த சத்தம் 80 டெசிபல்.

இன்ஜின் பூட்டி முடிந்ததும் நேரே இசிஆருக்கு ஓட்டிப் போகக்கூடாது. முதல் தடவை ஒரு நிமிடம் ஓட விட்டு நிறுத்த வேண்டும். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு மூன்று நான்கு நிமிடம். மறுபடி ஆற விட வேண்டும். இப்படி சூடும் ஆறலுமாகச் சில சுற்று போனால்தான் உலோகம் எல்லாம் தன் இடத்தில் அமரும். ஸ்டாண்டில் நிறுத்தி நெடுநேரம் உறும விடுவது தப்பு. காற்றும் இல்லை, பாரமும் இல்லை, ரிங் படியாது. அப்புறம் முதல் 80 கிலோமீட்டர் நிதானமாக, ஒரே வேகத்தில் இல்லாமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். திண்டிவனம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும். வந்ததும், வண்டி சூடாக இருக்கும்போதே ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். சாம்பல் நிற மினுமினுப்பு தெரிந்தால் ரிங் படிகிறது என்று அர்த்தம், கவலையில்லை. நகத்தில் எடுத்தால் தட்டுப்படும் அளவுக்குத் துகள் இருந்தால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.